மைலேஜ் டயரா, லைஃப் டயரா? சுற்றுச்சூழலை நினைத்து கார் டயர் வாங்குவோருக்கு

டயர் கடைக்குப் போய், "சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவான டயர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். "உங்களுக்கு மைலேஜ் வேணுமா சார், லைஃப் வேணுமா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். நாம் கேட்டது அவருக்குப் புரியவில்லையோ என்று தோன்றும். மைலேஜ் டயர் என்றால் எரிபொருளை மிச்சப்படுத்துவது, லைஃப் டயர் என்றால் நீண்ட நாள் உழைப்பது. விஷயத்தின் முடிச்சு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கார் டயர் மூன்று வழிகளில் கெடுதல் செய்கிறது. அதை உருட்டுவதற்கென்றே தனியாகக் கொஞ்சம் பெட்ரோல் எரிகிறது. தேயத் தேயத் தூளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கிறது. ஆயுள் முடிந்த பிறகு மக்காமல் கிடக்கிறது, அல்லது யாராவது எரித்துவிடுகிறார்கள். ஒன்றைக் குறைக்கப் போனால் இன்னொன்று கூடுவதும் உண்டு. அதனால் டயரின் மேல் 'ஈகோ', 'கிரீன்', 'எர்த்' என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

முதலில் மைலேஜ் டயர். டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி, அடுத்த கணமே நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது நடப்பதால் ரப்பர் சூடாகிறது. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தால் கையில் தெரியும் சூடு அதுதான். அந்தச் சூடு முழுக்க நீங்கள் பங்க்கில் காசு கொடுத்துப் போட்ட எரிபொருள். இதைத்தான் ரோலிங் ரெசிஸ்டன்ஸ், அதாவது உருளும் தடை என்கிறார்கள். சாதாரணக் காரில் செலவாகும் எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதற்கே போகிறது.

1992இல் மிஷெலின் நிறுவனம், ரப்பர் கலவையில் சேர்க்கும் கார்பன் கரியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிக்காவைப் போட்டு ஒரு டயரைக் கொண்டுவந்தது. 'பச்சை டயர்' என்ற பேச்சு அப்போது தொடங்கியது. நிறம் என்னவோ கறுப்புதான். இன்று மிஷெலின் எனர்ஜி, பிரிட்ஜ்ஸ்டோன் ஈகோபியா, யோகோஹாமா புளூஎர்த் என்று பெரும்பாலான கம்பெனிகளிடம் இந்த வகை இருக்கிறது.

இதனால் எவ்வளவு மிச்சமாகும்? லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செட் டயரில் 40,000 கிலோமீட்டர் ஓட்டினால் 2,200 லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். நல்ல மைலேஜ் டயர் அதில் 3 சதவீதம் மிச்சப்படுத்துகிறது என்றால் 66 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 6,600 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அந்தக் கணக்கில் 150 கிலோ குறையும். நாலு டயருக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுக்கும் விலை இந்த 6,600க்குள் அடங்கினால் கைக்கு நஷ்டமில்லை. அடங்காவிட்டால், கார்பனைக் குறைக்கக் கையிலிருந்து கொஞ்சம் போடுகிறீர்கள் என்று தெரிந்தே வாங்கலாம்.

3 சதவீதம் என்பது என் அனுமானம்தான். ஐரோப்பிய லேபிளில் மிக நல்ல தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே 7.5 சதவீதம் வரை எரிபொருள் வித்தியாசம் வரலாம் என்கிறார்கள். நாம் கடைசித் தரத்திலிருந்து முதல் தரத்துக்குத் தாவுவதில்லை. நடுவில் ஓரிரு படி ஏறுகிறோம். அதனால் 3 என்பதே தாராளமான கணக்கு.

அந்த லேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2012 நவம்பரில் இது வந்தது. 2021 மே மாதத்திலிருந்து ஏ முதல் ஈ வரை ஐந்து தரங்களாக மாற்றினார்கள். மூன்று விஷயங்களைச் சொல்கிறது: உருளும் தடை, ஈரத்தில் பிடிப்பு, வெளியே கேட்கும் சத்தம். ஏ தரக் கார் டயர் என்றால், அதன் மேல் ஒரு டன் பாரம் இருக்கும்போது தடை 6.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 10.6 கிலோவும் அதற்கு மேலும் என்றால் ஈ தரம். ஈரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால், ஏ தர டயருக்கும் மட்டமான டயருக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நாலரை ஸ்விஃப்ட் கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. வடகிழக்குப் பருவமழையில் ஈசிஆரில் போகும்போது முன்னால் போகிறவர் சட்டென்று நின்றால், நமக்கு உயிர் அந்த 18 மீட்டரில்தான்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், டயர் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, தேய்மானம் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். தடையைக் குறைத்தால் ஈரத்தில் வழுக்கும். பிடிப்பைக் கூட்டினால் சீக்கிரம் தேயும். சிலிக்கா இந்த இழுபறியைத் தளர்த்தியது, தீர்த்துவிடவில்லை. தடையைக் குறைக்கச் சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது: பட்டனின், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டிகளின், ஆழத்தைக் குறைத்துவிடுவது. ரப்பர் குறைவு, நசுங்குவது குறைவு, சூடு குறைவு. மைலேஜ் வரும், ஆனால் டயர் சீக்கிரம் தீரும். மலிவான ஒரு 'ஈகோ' டயரை எடுக்கும் முன் பட்டன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். புது டயரில் 8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் சரி.

புதுக் காருடன் வரும் டயரும் இந்த விஷயத்தில் சந்தேகத்துக்குரியதுதான். மைலேஜ் எண்ணை நன்றாகக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கார் கம்பெனிகள் தடை குறைந்த டயரைக் கேட்டு வாங்குகின்றன. கடையில் அதே பெயரில் கிடைக்கும் டயர் அச்சு அசலாக அதே டயர் என்று நம்ப வேண்டாம். தவிர, தேய்ந்த டயருக்குத் தடை குறைவு. பட்டன் முழுதாக இருக்கும் புது டயருக்குத் தடை கூடுதல். 'டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு' என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

இனி லைஃப் டயர். அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் போன்றவை இதற்கென்றே விற்பவை. டாக்ஸிக்காரர்களின் தேர்வு இதுதான். ஒரு செட்டில் ஒன்றரை மடங்கு ஓடினால், ஒன்றரை மடங்கு காலத்துக்குப் புது டயர் செய்ய வேண்டியதில்லை, பழைய டயர் குப்பையும் அவ்வளவு சேராது. இதுவரை வாதம் சரி.

ஆனால் நீண்ட நாள் உழைக்கிற டயர் தூளும் குறைவாகத்தான் கொட்டும் என்று எடுத்துக்கொள்வது தவறு. இரண்டு டயர் ஒரே வேகத்தில் தேயலாம். ஒன்றில் பட்டன் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் ஆழமாக இருந்தால் அது அதிக நாள் வரும், அவ்வளவுதான். கிலோமீட்டருக்குக் கொட்டும் தூள் அதேதான். கலவை உறுதியாக இருந்து, அதனால் மெதுவாகத் தேய்ந்தால் மட்டுமே அது நிஜமான லாபம். எது எந்த வகை என்று வாங்குகிறவருக்குச் சொல்ல இன்றைக்கு நம் ஊர் லேபிளில் எதுவும் இல்லை.

தூள் என்றால் எவ்வளவு? ஜெர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி 2021இல் சொன்ன சராசரி: ஒரு கார் 1,000 கிலோமீட்டருக்கு நாலு டயரிலிருந்தும் சேர்த்து சுமார் 120 கிராம். அந்தக் கணக்கில் 40,000 கிலோமீட்டருக்கு ஐந்து கிலோ. தேய்ந்த ரப்பர் எங்கே போனது என்று நாம் கேட்பதே இல்லை. சாலையோரத் தூசியோடு கிடந்து, முதல் மழைக்கு வடிகாலில் இறங்கி, ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது.

அந்தத் தூளில் வெறும் ரப்பர் மட்டும் இல்லை. ஓசோன் பட்டு ரப்பரில் வெடிப்பு விடாமல் இருக்க 6பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து இன்னொரு பொருளாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்யும்போதெல்லாம் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் இந்தப் பொருள்தான் என்று 2020 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு கண்டுபிடித்தது. 2023 அக்டோபரிலிருந்து கலிஃபோர்னியா, இதற்கு மாற்று இருக்கிறதா என்று பார்க்கும்படி டயர் கம்பெனிகளுக்கு விதி போட்டிருக்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 என்ற வாகன மாசு விதி, கார் டயர் இவ்வளவுதான் தேயலாம் என்று வரம்பு வைக்கிறது. 2028 ஜூலையில் புது வகை டயர்களுக்கு அது நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிறகு தேய்மானத்தை எண்ணாகப் பார்த்து ஒப்பிட வழி பிறக்கும். இன்றைக்கு 6பிபிடியை வைத்துக் கடையில் டயர் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லா டயரிலும் இருக்கிறது.

நம் ஊர் விதி எங்கே நிற்கிறது? 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை விட்டு, உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கியது. அந்தத் தரத்துக்குப் பெயர் ஏஐஎஸ்-142. ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரம் கொடுக்கிற எரிசக்தித் திறன் அலுவலகம் டயருக்கும் நட்சத்திர லேபிள் கொடுக்கிறது. ஆனால் அது கம்பெனிகள் விரும்பினால் வாங்கிக்கொள்வது. ஐந்து நட்சத்திரம் என்றால் எரிபொருள் மிச்சம் என்று அர்த்தம். எத்தனை நாள் உழைக்கும், எவ்வளவு தூள் கொட்டும் என்பதை அந்த நட்சத்திரத்தில் தேடாதீர்கள்.

லேபிள் இல்லாவிட்டால் டயரின் பக்கவாட்டைப் படிக்கலாம். கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதும் ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். 185/65 ஆர்15 என்று அளவு பெரிதாக இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள், அது கட்டாயம். பிறகு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால், ஐரோப்பிய அனுமதி வாங்கிய டயர். அதன் பக்கத்தில் நீளமான எண்ணைத் தொடர்ந்து 'எஸ்2 டபிள்யூ ஆர்2' என்று பொடி எழுத்தில் இருக்கும். எஸ் சத்தம், டபிள்யூ ஈரப் பிடிப்பு, ஆர் உருளும் தடை. 2 என்றால் ஐரோப்பிய விதியின் இரண்டாம் கட்ட வரம்புக்குள் வருகிறது. 'ட்ரெட்வேர்' என்று போட்டு 300, 400 என்று ஒரு எண் இருந்தால், அது தேய்மானத்துக்கானது. கூடுதலாக இருந்தால் நல்லது, ஆனால் கம்பெனியே போட்டுக்கொள்ளும் எண் என்பதால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் உதவும். கடைசியாக, டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. 'புது ஸ்டாக் சார்' என்பதை அந்த நாலு இலக்கம் உறுதி செய்தால் போதும், பேச்சு வேண்டாம்.

இப்போது யாருக்கு எது?

வருஷத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நிறைய பேர். ஞாயிற்றுக்கிழமை கோயில், கல்யாணம், தீபாவளிக்கு ஊர். இவர்களிடம் ஒரு லட்சம் ஓடும் டயரை விற்பது வீண். பட்டன் தேயும் முன்னரே நம் வெயிலில் ரப்பர் இறுகி, பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிடும். ஐந்தாறு வருஷத்தில் டயர் காலாவதி, ஓடியதோ முப்பதாயிரம்கூட இல்லை. உறுதியான கலவை பழசாகும்போது ஈரத்தில் இன்னும் மோசமாக வழுக்கும். இவர்கள் ஈரப் பிடிப்பை முதலில் வைத்து, அதற்குள் தடை குறைந்ததை எடுக்க வேண்டும். லைஃப் என்ற பேச்சே வேண்டாம்.

பைபாஸில் தினமும் சீராக 70, 80இல் போய் வருகிறவர் வேறு கதை. ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குப் போய் வருகிறவர் வருஷத்துக்கு 20,000 தாண்டிவிடுவார். மைலேஜ் டயர் செய்யப்பட்டதே இவருக்காக. மேலே போட்ட பெட்ரோல் கணக்கு இவருக்கு இரண்டே வருஷத்தில் திரும்பிவிடும். டயரின் ஆயுள் முழுக்கப் பார்த்தால், செய்யும்போதும் அழியும்போதும் ஆகும் கார்பனைவிட, ஓடும்போது ஆகும் கார்பன்தான் பெரும்பங்கு. ஆகவே கார்பன் கணக்கில் இங்கே மைலேஜ் டயரே ஜெயிக்கும், கொஞ்சம் முன்னதாகத் தேய்ந்தாலும்கூட.

நகருக்குள்ளேயே சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவருக்கு நான் லைஃப் பக்கம்தான் சாய்வேன். பிரேக்கும் கிளம்பலும்தான் டயரை அதிகம் தின்கின்றன. பெட்ரோலில் பெரும்பகுதியையும் அந்தக் கிளம்பலே சாப்பிடுகிறது, டயர் மிச்சம் பிடித்துக் கொடுப்பது கண்ணில் படாது. நாலு பேர் மூச்சு விடும் இடத்தில் தூளைக் குறைப்பது மேல். தூள் குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மேலே நானே சொன்னேன்தான். ட்ரெட்வேர் எண் கூடுதலாக இருந்து, பட்டன் ஆழம் வழக்கமான 8 மில்லிமீட்டராகவே இருந்தால், கலவை உறுதி என்று ஊகிக்கலாம். இன்றைக்கு நம் கையில் இருக்கும் ஒரே துப்பு அது.

டாக்ஸிக்காரர் இரண்டும் பார்க்க வேண்டியவர். ஆனால் அவர் ஏற்கெனவே நம்மைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறார். அவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் காருக்கான டயரைப் போடும் முன் யோசியுங்கள். பேட்டரியால் வண்டி எடை கூடுதல், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் முழு முறுக்கும் சக்கரத்துக்கு வருகிறது, டயர் சீக்கிரம் தேய்கிறது. தடை கூடினால் சார்ஜ் கொடுக்கும் தூரமும் குறையும். அப்போலோ ஆம்பீரியன், சியட் எனர்ஜிடிரைவ் போல இவற்றுக்கென்றே டயர் வந்திருக்கிறது. வாங்கும்போது பாரம் தாங்கும் எண் பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் செய்யும் பொருளில் பச்சையைத் தேடுவோருக்குச் சுருக்கமாக. கான்டினென்டல் 2023இல் 65 சதவீதம் வரை புதுப்பிக்கத்தக்க, மறுசுழற்சி செய்த, சான்றளித்த பொருட்களால் ஆன டயரை ஐரோப்பாவில் கொண்டுவந்தது. உமியை எரித்த சாம்பலிலிருந்து சிலிக்கா எடுத்து டயரில் போடுகிறது குட்இயர். நெல் விளையும் ஊர்க்காரனாக எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனாலும் சக்கரத்தின் அளவுக்கேற்ப நம் கடையில் கிடைக்கிற நாலைந்து டயருக்குள் இதை வைத்து ஒன்றைப் பொறுக்க முடிகிற நாள் இன்னும் வரவில்லை.

செகண்ட் ஹேண்ட் டயர்? மறுபயன்பாடு என்று கேட்க நன்றாக இருக்கும். எத்தனை வருஷம் வெயிலில் கிடந்தது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் பட்டனும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கே வரும். வேண்டாம். ரீட்ரெட் செய்வது, அதாவது தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டன் ஒட்டுவது, லாரிக்கும் பஸ்ஸுக்கும் அருமையான வழி, அந்த டயர்களின் உடம்பு அதற்கேற்பவே கட்டியது. கார் டயருக்கு நம் ஊரில் அது சரிப்படாது.

அளவை மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று. 165/80 ஆர்14 வந்த ஸ்விஃப்டில் அலாய் வீலோடு அகலமான டயரைப் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும். காற்றுத் தடையும் உருளும் தடையும் எடையும் சேர்ந்து கூடும். அதற்கு மேல் 'பச்சை டயர்' போட்டுப் புண்ணியமில்லை.

காற்று விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் மேலே போட்ட கணக்கை எல்லாம் அது அழித்துவிடும். நாலு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் விழும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் 1.6 சதவீதம் போச்சு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மைலேஜ் டயரின் லாபத்தில் பாதி அங்கேயே தீர்ந்தது. போதாததற்கு ஓரங்கள் இரண்டும் தேயும், சூடு ஏறும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பங்க்கில் பிடித்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அலைன்மென்ட் சரியில்லாமல் ஒரு பக்கமாகத் தேய்ந்த டயரைப் பாதி பட்டனோடு தூக்கிப் போடுவதைப் போல வீண் வேறில்லை. புது டயர் போடும் அன்றே அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் பார்த்துவிடுங்கள்.

எப்போது மாற்றுவது? பட்டன்களுக்கு நடுவில் சின்ன மேடு போல ஒரு குறி இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர், அதுதான் சட்ட வரம்பு. சிலர் பாதி தேய்ந்ததுமே மாற்றச் சொல்வார்கள். வெடிப்பு இல்லாமல், வயசும் ஆகாமல் இருந்தால் 3 மில்லிமீட்டர் வரை தைரியமாக ஓட்டலாம். அதற்குக் கீழே வந்தால், ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

பழைய டயரைக் கடைக்காரர் சில நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். 2022 ஜூலையில் வந்த விதிப்படி, கழிவு டயரை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு டயர் செய்கிற, இறக்குமதி செய்கிற கம்பெனிகளுடையது. பழைய டயர்களை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கடையில் கேளுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்கு என்று சொல்கிற கடையில் விடுங்கள். ஸ்டெப்னிக்கு ஆகாத டயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மொட்டை மாடியில் கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். தெருவில் போட்டால் போகி காலையில் யாராவது கொளுத்திவிடுவார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தை மாதத்துக்கு முன்னும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது அந்த டயர்ப் புகையைத்தான்.